மூன்று பொன்னாடையும் பேசாத விருந்தினரும்

மொன்றியலில் இருந்து ரொறொன்ரோவுக்கு ஏறத்தாழ 540 கிலோமீற்றர். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காரில் போனேன். மச்சான் செயலாளராக இருக்கும் விளையாட்டுக் கழகத்துக்கு மறுநாள் நகரின் கிழக்கே மோர்னிங்சைட்டில் மெய்வல்லுநர் போட்டி, ஓட்டமும் பாய்ச்சலும்தான். பிரதம விருந்தினரை நகர நடுவில் இருக்கும் ஹோட்டலில் இருந்து ஏற்றி வருவது என் பொறுப்பு.

விருந்தினர் பசிபிக் கடலின் குட்டித் தீவு ஒன்றைச் சேர்ந்தவர். நானூறு மீற்றர் ஓடியவர், பிறகு அமைச்சரானவர், இப்போது அந்த நாட்டு மெய்வல்லுநர் சங்கத் தலைவர். ஏதோ கூட்டத்துக்கு ரொறொன்ரோ வந்தவரை மச்சான் மடக்கிவிட்டான்.

401 நெடுஞ்சாலையில் சனிக்கிழமையும் நெரிசல்தான். முக்கால் மணிநேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் அவர் சொன்னார்: "எங்கள் மைதானம் விமான ஓடுபாதைக்குப் பக்கத்துப் புல்வெளி. பிள்ளைகள் நன்றாக ஓடுவார்கள், பழக்க ஆளில்லை. ஆறு வாரம் வந்து பழக்க ஒரு பயிற்சியாளரை உங்களிடம் கேட்கத்தான் வருகிறேன்." எங்கள் சனம் தாராளம், நீங்கள் வாய் திறந்தால் போதும் என்று நானும் அளந்தேன்.

நம்மவர் விழா தெரியும்தானே? விளக்கேற்றல், வரவேற்புரை, காசு தந்த அனுசரணையாளர் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. விருந்தினருக்கே மூன்று விழுந்தது. பின்னேரம் அவருக்கு விமானம். அவர் பேசப் பத்து நிமிடம்தான் மிச்சம் இருந்தபோது எனக்கும் ஒன்றைப் போர்த்தி, மச்சான் மைக்கைத் திணித்தான்.

"நீயும் ரெண்டு வார்த்தை சொல்லன். மொன்றியலிலயிருந்து வந்தனியெல்லே!"

இரண்டு வார்த்தையா? சீ, என்ன மனுசன் நான்! பள்ளிக்கூடத்தில் ஓடி வாங்கிய கிண்ணத்தில் தொடங்கி மகளின் பட்டமளிப்பு வரைக்கும் போனேன். கைதட்டல் வேறு. இறங்கியபோது மச்சான் மணிக்கூட்டைப் பார்த்துப் பதறினான்.

"ஐயோ, ஃப்ளைட் போயிடும்! உடன கூட்டிக்கொண்டு போ!"

விருந்தினர் மைக்கைத் தொடவேயில்லை.

காரில் அவர் மூன்று பொன்னாடையையும் மடியில் வைத்து மடித்தார். பிறகு கேட்டார்: "நெடுநேரம் பேசினீர்கள், எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் பிள்ளைகளைப் பற்றித்தானே?"

தமிழ் தெரியாத மனுசன். ஆமென்று தலையாட்டினேன்.

"அப்படியென்றால் ஒருவர் வருவாரா?"

அதற்கும் ஆட்டினேன். அவர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

இப்படியான போட்டிக்குப் போகிறவர்களுக்கு: வாகனத் தரிப்பிடம் காலையிலேயே நிரம்பிவிடும். தொப்பி கொண்டுபோங்கள். கொத்துரொட்டி ஒரு மணிக்குள் முடிந்துவிடும். விருந்தினரைக் கூட்டிப் போனால் முதலில் அவரைப் பேச விடுங்கள்.

இதை வாசிப்பவர்களில் ஓட்டம் பழக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால், தயவுசெய்து கீழே எழுதுங்கள். நேற்று அவர் தொலைபேசியில் பேசினார். வருகிறவர் தங்கத் தன் வீட்டில் ஓர் அறைக்கு வெள்ளையடித்துவிட்டாராம். பெயர் என்னவென்று கேட்கிறார்.