ஊர்வலம் போகையில் திறந்திருக்கும் கதவுகள்

மன்னாரில் வாசிப்பு வட்டமாகக் கூடும் நாங்கள் சிலர் ஒரு சிறுகதைத் தொகுப்பைக் கொண்டுவரத் தீர்மானித்தோம். எல்லாம் குற்றக் கதைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வாத்தியமோ பாட்டோ குற்றத்தைத் துலக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பெருநிலத்துக் கிராமமொன்றிலிருந்து வந்த கதையில், கோயில் நாதஸ்வரம் வழமையான நேரத்துக்கு ஒலிக்கவில்லை. தாராபுரத்திலிருந்து வந்ததில், தெருத்தெருவாகப் பாண் ரொட்டி விற்றுவரும் ஓட்டோ போடும் மெட்டு அது ஒருபோதும் போகாத ஒழுங்கையில் கேட்டது. சமூகவியல் படித்தவள் என்பதால் தொகுக்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

வந்தவற்றுள் மிகச் சிறந்தது ஓலைத்தொடுவாயில் படிப்பிக்கும் என் தோழியின் கதை. அவள் எழுதிய முதற்கதையும் அதுதான். எங்கள் கரையில் கத்தோலிக்கரின் செத்தவீட்டு ஊர்வலம் பாண்ட் வாத்தியத்தோடு வரும்போது, வீட்டிலுள்ளவர்கள் செய்த வேலையைப் போட்டது போட்டபடி தெருவுக்கு வந்துவிடுவார்கள். கதவைச் சாத்தவும் நினைவிருக்காது. அந்த நேரம் பார்த்து வீடு புகும் கள்ளனுக்கு, கதையில், ட்றம்பெற் ஊதுபவர் கூட்டாளி. களவு நடக்கும் வீட்டு மூலையிலேயே சனத்தை மறித்து நின்று நின்று அவர் ஊதியதே இறுதியில் அவரைக் காட்டிக்கொடுக்கிறது.

இடையூறு ஒன்றுதான். எங்கள் பக்கத்துச் செத்தவீடுகளில் ட்றம்பெற் ஊதுபவர் தலைமன்னாரில் இருக்கும் ஒரே ஒருவர். முதுகு நோவால் கடலை விட்ட பிறகு அதுவே அவருடைய பிழைப்பு.

"கதைதானே! நான் அவரை நினைச்சு எழுதேல்லை," என்றாள் தோழி.

"வாசிக்கிற ஆக்கள் அவரைத்தானே நினைப்பினம்."

"அப்ப வயலின் எண்டு மாத்தட்டே? செத்தவீட்டுக்கு முன்னாலை ஒருத்தன் வயலின் வாசிச்சுக்கொண்டு நடந்து போறான் எண்டு?"

இருவரும் சிரித்தோம், ஆனால் தீர்வு கிடைக்கவில்லை. கதையை நீக்கினால் தொகுப்பு மெலியும், அவளும் மனம் நோவாள். சேர்த்தால், ஒரு மனிதரை வீடுகளுக்கு அழைப்பதற்கு மக்கள் தயங்கக்கூடும். நமது கற்பனையின் விலையை இன்னொருவர் கட்டுவது நியாயமா என்று பலமுறை யோசித்தேன். கடைசியில், அவரே வாசித்து முடிவு சொல்லட்டும் என்று இருவரும் தலைமன்னாருக்குப் போனோம்.

அவர் கதிரையை முற்றத்து நிழலில் இழுத்துப்போட்டு, உரத்துத்தான் வாசித்தார். மீன் வெட்டிக்கொண்டிருந்த மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தார். கள்ளனின் கூட்டாளி யார் என்பது தெரிந்ததும் அவர் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பாருங்கோவன், ஊதி ஊதிக் கடைசியில கள்ளனாயும் போனியள். களவெடுத்ததெல்லாம் எங்கை? வீட்டுக்கு ஒண்டும் வரேல்லையே!"

கணவர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் மனைவியின் முகம் மெல்ல மாறியது. "பகிடி இருக்கட்டும். இதைப் படிச்சிட்டு ஒருத்தரும் கூப்பிடாட்டி என்ன செய்யிறது?"

அதே கேள்வியோடுதான் வந்தோம் என்றேன். அவர் தாள்களை அடுக்கித் தோழியிடம் நீட்டினார்.

"போடுங்கோ ரீச்சர். நல்ல கதை. ஆனா புத்தகம் வெளியிடேக்கை நான்தான் ஊதுவன். நான் ஒளிச்சு நிண்டால்தான் சனத்துக்குச் சந்தேகம் வரும்."

அப்படியே செய்தோம். மண்டபத்தில் தோழி கதையின் சுருக்கத்தைச் சொல்லி, அவருடைய சம்மதத்தையும் சொன்னாள். அவர் எழுந்து ஊதியபோது கைதட்டலும் சிரிப்பும் அடங்கச் சற்று நேரமாயிற்று. மண்டபத்துச் சிரிப்பை நம்பி நான் அமைதியடையவில்லை.

சில வாரங்களின் பின் ஓலைத்தொடுவாயில் ஒரு செத்தவீடு. வழமைபோல் அவரைத்தான் அழைத்திருந்தார்கள். நானும் போயிருந்தேன். ஊர்வலம் ஒழுங்கைக்குள் திரும்பியதும் சனம் வெளியே வந்தது. ஒரு வீட்டுப் பெண் வாசலைத் தாண்டியவர், ட்றம்பெற்றைக் கண்டதும் திரும்பிப் போய்க் கதவைப் பூட்டிவிட்டு வந்தார். பூட்டு விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. ட்றம்பெற்காரரும் பார்த்திருப்பார். மெட்டுப் பிசகவில்லை.

அடக்கம் முடிந்து சேமக்காலை வாசலில் பாண்ட்காரர் சோடா குடித்துக்கொண்டு நின்றபோது அந்தப் பெண் எங்களைக் கடந்தார்.

"அக்கா, வீட்டுத் திறப்பு இடுப்பிலை பத்திரமே?" என்று கேட்டார் ட்றம்பெற்காரர். "பயப்பிடாதேங்கோ. கள்ளன் காலமையிலிருந்து உங்கட கண்ணுக்கு முன்னாலைதான் நிக்கிறன்."

அந்தப் பெண் திடுக்கிட்டு நின்றார். "சும்மா போ தம்பி! தெருவில திரியிற கழுதை உள்ளுக்கை வந்திடும் எண்டெல்லே பூட்டினனான்."

"அப்ப கழுதையளும் கதை வாசிச்சிட்டுதுகள்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, போகத் திரும்பியவர் நின்று சொன்னார்: "கோயில் பெருநாளுக்கும் நீதான் வரவேணும் எண்டு கோயில் சபையில இருக்கிற எங்கட வீட்டுக்காரரிட்டைச் சொல்லுறன். எங்கட மூலையில மட்டும் நிண்டு நிண்டு ஊதாதை."

பெருநாளுக்கு அவரைத்தான் அழைத்தார்கள். அன்றும் போனேன். சுற்றுப்பிரகார ஊர்வலம் அந்த ஒழுங்கையால் வந்தபோது, அந்த வீட்டு மூலையில் அவர் வேண்டுமென்றே சற்று நின்று ஊதினார். அந்தப் பெண் தெருவில் நின்று கையை ஓங்கி அடிப்பதுபோலக் காட்டினார். நான் அவருக்குப் பின்னாலிருந்த வீட்டைப் பார்த்தேன். கதவு அன்றும் பூட்டியிருந்தது. அந்தப் பெண்ணோ ட்றம்பெற்றின் பின்னால் ஊர்வலத்தோடு நடக்கத் தொடங்கியிருந்தார்.