ஒரே ஷெட்டில் இரண்டு கார் கம்பெனி

கார் பட்டறையில் ராத்திரி வேலை பார்ப்பவனுக்கு வண்டியைத் தெரியும், வண்டிக்காரரைத் தெரியாது. சாயங்காலம் விட்டுப் போகும்போதும் விடிந்து எடுக்க வரும்போதும் முகம் பார்ப்பதோடு சரி.

சேலத்தில் ஒரு கார் கம்பெனியின் சர்வீஸ் பட்டறையில் எனக்கு அந்த வேலை. படித்து வந்தவனில்லை. லாரிப் பட்டறைகளில் நின்று, கையைச் சுட்டுக்கொண்டு கற்றது. தூக்கம் எனக்குச் சரியாக வந்ததே கிடையாது என்பதால் இந்த வேலை பொருந்திப்போனது. சில வருஷம் முன்பு எங்கள் கம்பெனியும் போட்டிக் கம்பெனியும் மேலிடத்தில் ஒன்றாகிவிட்டன. இன்ஜினைச் சேர்ந்து செய்வது, பேட்டரி காரைச் சேர்ந்து செய்வது, விற்பதை மட்டும் பழைய பெயர்களில் தனித்தனியாக விற்பது என்று ஏற்பாடாம். எங்களை வந்து எட்டிய ஏற்பாடு வேறு. ஊரின் இன்னொரு மூலையில் இருந்த அவர்கள் பட்டறையை மூடி, ஆட்களை எங்கள் ஷெட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய ராத்திரி மெக்கானிக் கந்தசாமியும் வந்தார். திருச்செங்கோட்டுக்காரர், ஏறக்குறைய என் வயசு. வந்த அன்றே மேனேஜர் எங்கள் இருவரையும் நிற்கவைத்து, ராத்திரிக்கு ஒரு ஆள் போதும் என்று மேலிடம் சொல்லிவிட்டது, பொங்கல் வரை இரண்டு பேரும் இருங்கள், அப்புறம் ஒருவர்தான் என்றார். உங்கள் ஆபீஸையும் யாராவது இப்படிச் சேர்த்திருந்தால், நாங்கள் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்துக்கொண்டோம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பங்காளிகள்

எடப்பாடியில் தறி ஓட்டும் ஒருவர் எங்கள் கம்பெனி கார் வைத்திருந்தார். அவருடைய பெரியப்பா மகனுக்கும் அவருக்கும் வரப்புத் தகராறு. இவன் வாங்கிய கம்பெனியில் வாங்கக் கூடாது என்பதற்காகவே அந்தப் பெரியப்பா மகன் மற்றக் கம்பெனி காரை வாங்கினார். ஷெட் ஒன்றான பிறகு ஒரு சாயங்காலம் இரண்டு வண்டியும் பக்கத்துப் பக்கத்து லிஃப்டில் ஏறி நின்றன.

அடியில் ஏதோ கடகடவென்கிறது என்று காட்ட வந்த எடப்பாடிக்காரர், இரண்டுக்கும் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார். இன்ஜின், கியர்பாக்ஸ், சைலன்சர் வளைந்து போகிற வளைவு வரை எல்லாம் ஒன்று. மேலே முகமும் விளக்கும் பெயரும்தான் வேறு. கம்பெனிகள் சேர்ந்த கதையைச் சொன்னேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "நாங்க ஒரே தாத்தனோட பேரனுக, வருசக்கணக்காப் பேச்சில்லீங்க. இதுக ரெண்டும் எப்பங்க ராசியாச்சு?"

தூக்கி நின்ற பானெட்

ஒவ்வொரு பட்டறைக்கும் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வழக்கம் இருக்கும். எங்கள் ஆட்கள் சர்வீஸ் முடிந்த வண்டியின் பானெட்டைத் தூக்கியே விட்டுவைப்போம். காலையில் சூப்பர்வைசர் வந்து ஒரு பார்வை பார்த்து மூடுவார். அவர்கள் பட்டறையில் பானெட் தூக்கி நின்றால் வேலை பாக்கி என்று அர்த்தம். இதை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. பேசினால்தானே சொல்ல?

நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் ஒருவரின் காருக்கு நான் ஆயில் மாற்றி, பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். கந்தசாமி வந்து பார்த்தார். பாவம், வேலை பாக்கி. போல்ட்டைக் கழற்றி நான் ஊற்றிய புது ஆயிலை இறக்கிவிட்டு, இன்னொரு முறை புதுசு ஊற்றினார். அவர் முடித்து மூடி வைத்திருந்த இன்னொரு வண்டியை, யாரும் தொடாத வண்டி என்று நினைத்து நானும் அதே மாதிரி செய்தேன். காலையில் மேனேஜர், ஸ்டோரில் ஆயில் எங்கே போனது, யார் செய்தது என்று சத்தம் போட்டார். ஒருவரை ஒருவர் மாட்டிவிட அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம். அவர் போன பிறகு, புது ஆயிலா பழசா என்று நிறத்தைப் பார்த்தாலே தெரியாதா என்று கந்தசாமியைக் கேட்டேன். அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் இது: "உங்க கம்பெனி ஆயிலு எத்தன ஓடுனாலும் கறுக்காது போலன்னு நெனச்சுட்டனுங்க."

எர்த்

சேர்ந்து செய்த பேட்டரி கார் வந்தது. போனுக்குச் சார்ஜ் போடுவது போலத்தான் என்று சொல்லி, ஃபேர்லேண்ட்ஸ் ஷோரூம் பையன்கள் வாழப்பாடியில் ஒரு குச்சிக்கிழங்கு விவசாயிக்கு விற்றுவிட்டார்கள். வீட்டில் சார்ஜரைச் சொருகினால் சிவப்பு விளக்குத்தான் எரிகிறது என்று போன் வந்தது. ஷிப்ட் முடித்த கையோடு எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். வயரைப் பார்த்தோம், பிளக்கைப் பார்த்தோம், காரைச் சுற்றிச் சுற்றி வந்தோம். எனக்கும் பிடிபடவில்லை, கந்தசாமிக்கும் பிடிபடவில்லை. கடைசியில் பெங்களூரில் இருக்கும் கம்பெனி இன்ஜினியருக்குப் போன் போட்டோம். சின்ன வயசுப் பிள்ளை. போனிலேயே, "வீட்ல எர்த் இருக்கான்னு பாருங்கண்ணா" என்றது.

எர்த் இல்லை. கிணற்று மோட்டார் எர்த் கேட்காமல் ஓடியது, ஃபிரிட்ஜ் கேட்காமல் ஓடியது. கார் மட்டும் கேட்டது. எலக்ட்ரீசியனை வரவழைத்து, வீட்டோரம் குழி தோண்டி, குழாயை நட்டு, கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் விட்டோம். பச்சை விளக்கு எரிந்தது. உப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வந்த வீட்டுக்கார அம்மா இடுப்பில் கை வைத்துச் சொன்னார்: "வந்த அன்னிக்கு மாப்பிள்ளையே போட்டத சாப்ட்டுட்டுப் போனாரு. இது உப்பு இருந்தாத்தான் வாயத் தொறக்குமாம்ல!"

கந்தசாமியின் இடது காது

கந்தசாமியை இடது பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். முதலில் திமிர் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, முன்பு போர்வெல் போடும் ரிக் வண்டியில் கம்ப்ரசர் பக்கத்திலேயே பல வருஷம் நின்று அந்தக் காது போய்விட்டது. டீசல் வண்டியின் சத்தத்தில் அவருக்குப் பாதிதான் எட்டும். பேட்டரி காருக்குக் காது தேவையில்லை, லேப்டாப் சொல்லிவிடும் என்பதால் அதை விழுந்து விழுந்து கற்றிருந்தார். எனக்கோ ஐ.டி.ஐ. சர்டிபிகேட் கிடையாது, பேட்டரி காரில் ஆளைக் கொல்லும் கரண்ட் ஓடுகிற ஆரஞ்சு நிற வயரை நான் தொடக் கூடாது என்பது சட்டம். அவருக்கும் அது தெரியும்.

பொங்கலுக்கு முன்பு மேனேஜர் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, அடுத்தவர் வேலை எப்படி, ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். அந்தக் காது என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. நல்ல மனசு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைச் சொல்லி வாங்கிய வேலையில் ராத்திரி முழுக்கத் தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்தால் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எனக்குப் பின் கந்தசாமி போனார். அவரும் என் சர்டிபிகேட் பேச்சை எடுக்கவில்லை என்பது மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது தெரிந்தது: "ரெண்டு பேரும் வாயே தெறக்கலீன்னா நான் யாரங்க ஊட்டுக்கு அனுப்பறது?"

மூன்று ராத்திரி

மேனேஜர் மேலிடத்தைக் கேட்டார். ஒரு ஆள் சம்பளம்தான், மற்றதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. பார்த்துக்கொண்டார். திங்கள், செவ்வாய், புதன் எனக்கு. ஞாயிறு லீவு போக மீதி மூன்று ராத்திரி கந்தசாமிக்கு. சம்பளம் பாதிப் பாதி. பேட்டரி கார்களை அவர் நாளுக்கும் டீசல் கார்களை என் நாளுக்கும் வரச் சொல்லிவிடலாம் என்றார். வண்டிகள் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை.

பாதிச் சம்பளத்தைப் பகலில் லாரிகளுக்கு லைட் வயரிங் செய்து ஒப்பேற்றுகிறேன். வேலையில்லாத ராத்திரிகளைத்தான் ஒப்பேற்ற முடியவில்லை. பாயில் புரண்டுகொண்டு பைபாஸில் போகிற லாரிகளைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு வியாழக்கிழமை போன் அடித்தது. கந்தசாமி. எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. "ஒரு டீசல் வண்டி வந்து நிக்குதுங்க, எனக்கு ஒண்ணும் புரிய மாட்டீங்குது. ஊட்ல படுத்தாலும் முழிச்சுக்கிட்டுத்தான கெடப்பீங்க, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

போய்விட்டு வந்தேன், அடுத்த வாரம் பேட்டரி கார் வந்த என் ராத்திரியில் அவரும் வந்துவிட்டுப் போனார்; ஆக, இரண்டு கம்பெனிகள் சேர்ந்ததால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது, ஒரு சம்பளத்தில் இரண்டு மெக்கானிக் கிடைத்திருக்கிறார்கள் என்பதுதான்.