சித்தியின் கால் நகங்கள்

சித்தியின் கால் உடைந்ததற்கு நான்தான் காரணம் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். இடித்தது லாரிதான். ஆனால் ஆஸ்பத்திரியில் திட்டு வாங்கியது நான்.

எனக்கு அப்போது ஏழு வயது. ஒரு வளைகாப்புக்காக வெள்ளானூரிலிருந்து சித்தப்பாவின் ஸ்கூட்டரில் மூவரும் கிளம்பினோம். அன்று காலையில்தான் சித்தியின் பத்துக் கால் நகங்களுக்கும் சிவப்பு நெயில் பாலிஷ் பூசிவிட்டிருந்தேன், கொஞ்சம் விரலுக்கும் சேர்த்து. பாடி மேம்பாலத்தருகே லாரி உரசித் தள்ளியது. எனக்கும் சித்தப்பாவுக்கும் வெறும் சிராய்ப்பு. சித்திக்கு வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, அட்டை வைத்துக் கட்டி, மாவுக்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். நான் கால்மாட்டில் நின்று, பயத்தில் சித்தியின் பாதங்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“சித்தப்பா, இந்தக் காலு மட்டும் ஜில்லுனு கீது.”

“ஏசி போட்டுகிறாங்க இல்ல, அப்டிதான் இருக்கும். சும்மா குந்து.”

ஒரு காலுக்கு மட்டும் எப்படி ஏசி போடுவார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

அப்போது வந்த நர்ஸம்மா வலது கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார். “இன்னாம்மா இது, பெயின்ட் அடிச்ச மாறி? நகத்து கலரே தெரியல. யாரு பூசுனது?” என்று அதட்டினார். நான் ஓவென்று அழுதுவிட்டேன். அவர் தன் கைப்பையிலிருந்து ரிமூவரை எடுத்துத் துடைத்து, மறுபடி அழுத்தினார். நகம் வெள்ளையாகவே இருந்தது. பாதத்தின் மேல் விரல் வைத்து எதையோ தேடினார். பிறகு டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

“ரத்தக் கொழா அடிபட்டுகிதாம். ஒடனே ஆபரேசன் பண்ணலன்னா காலையே எடுத்துடுவாங்களாம்” என்று சித்தப்பா போனில் யாரிடமோ சொல்லி அழுதார். உடைந்தது எலும்புதானே என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

பிழைத்த காலோடு சித்தி வீடு வந்தாள். ஆனால் தையல் இடது தொடையிலும் இருந்தது. அங்கிருந்து குழாய் எடுத்து இங்கே ஒட்டுப் போட்டார்கள் என்றார் சித்தப்பா. அது எனக்கு நம்பும்படியாக இல்லை. இரண்டு காலிலும் பூசினேன், அதனால் இரண்டுக்கும் தண்டனை. பாட்டிலை யாருக்கும் தெரியாமல் சாக்கடையில் போட்டேன்.

சில மாதம் கழித்து சித்தியே புது பாட்டில் வாங்கி வந்து காலை நீட்டினாள்.

“பூசு கண்ணு. இந்த வலது காலு கட்டவெரல மட்டும் உட்டுடு.”

ஒன்பது நகங்களுக்குப் பூசினேன். என் மேல் இன்னும் அந்த ஒரு விரல் அளவுக்குத்தான் கோபம் போலும் என்று ஆறுதலாக இருந்தது. தினமும் காலையில் அவள் கட்டிலில் உட்கார்ந்து அந்த நகத்தை அழுத்துவாள். அது மறுபடி சிவக்கும் வரை மூச்சுவிட மாட்டாள். பக்கத்திலிருந்து பார்த்தும் எனக்கு ஒன்றும் புரியவில்லை.