தையலுக்கு விட்ட அரை அங்குலம்

மண்ணெண்ணெயில் கழுவிய இரும்புக்கு ஒரு வாசம் உண்டு. மழை ஓய்ந்த முற்றத்தில் ஈரமண் மணத்தோடு அது கலந்து வந்தால், இன்றைக்கும் எனக்குத் தைப்பொங்கல்தான் நினைவுக்கு வரும். மற்றவர்களுக்குப் பொங்கல் என்றால் சர்க்கரையும் ஏலக்காயும் மணக்கும். எனக்கு மண்ணெண்ணெயும் கிறீஸும் மணப்பதற்குக் காரணம், நான் ஆறாம் வகுப்புப் படித்த மாரிகாலத்தில் எங்கள் வீட்டு முற்றத்துப் பாலைமரத்தில் ஓர் எஞ்சின் தொங்கிக்கொண்டிருந்ததுதான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கிளிநொச்சியில், இரணைமடு வாய்க்கால் பாயும் குடியேற்றத் திட்டம் ஒன்றில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் குடாநாட்டிலிருந்து வந்து, காடு வெட்டி வயலாக்கியவர்கள். எங்களிடம் உருண்டை மூக்கும் தவளைக்கண் விளக்குகளுமாக, வெள்ளைக்காரன் காலத்துப் பிக்கப் ஒன்று இருந்தது. அப்பா அதில் ஊராரின் மிளகாயையும் பூசணிக்காயையும் சந்தைக்கு ஏற்றுவார். காய்ச்சல்காரரை ஆஸ்பத்திரிக்கும் ஏற்றுவார். அந்த வருசம் அதன் பெற்றோல் எஞ்சின் வயது போய், மூச்சை நிறுத்திக்கொண்டது.

செய்தி கேட்டு அம்மாவின் தமையன் குடாநாட்டிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். மாமா சுருட்டு வியாபாரி. தங்கையின் மேல் உயிர். ஆனால் அந்த அன்பை ஏச்சாக மட்டுமே காட்டத் தெரிந்தவர்.

"பாம்பும் ஆனையும் திரியிற இடத்தில, ஒரு வாகனமும் இல்லாமல் பிள்ளையை வைச்சுக்கொண்டு என்ன செய்யப்போறாய், தங்கச்சி?" என்று தொடங்கினார்.

"வேற எஞ்சின் போட்டால் ஓடும், மச்சான்" என்றார் அப்பா.

"அப்பிடியே? சரி, பொங்கலுக்கு உந்தத் தகரப்பெட்டியிலேயே ஆனையிறவு தாண்டி என்ர வீட்டு வாசலுக்கு வாருங்கோ. வந்தால் நான் இனி வாய் திறக்கமாட்டன். வராட்டில் மூட்டை முடிச்சோட வந்து என்ர சுருட்டுக் கொட்டிலைப் பாருங்கோ."

அப்பா ரோசக்காரர். "ஓம்" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு "ஓம்" எனக்குத்தான் வினையாக வந்தது. மாமா வீடு கல்வீடு, மின்சாரமும் உண்டு. ஆனால் அங்கே மாமாவின் பெண்கள், என் மச்சாள்மார் மட்டும் ஐந்து பேர். யார் வந்தாலும் "பிள்ளை, ஒரு பாட்டுப் படி" என்று கேட்கும் வீடு. நானோ பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது "பிரசன்ற்" சொல்வதற்கே மூன்று பெயர் முன்பிருந்து ஒத்திகை பார்ப்பவள். எங்கள் குடியேற்றத்தில் வீட்டுக்கு வீடு வயல்வெளி இருந்தது. என்னைப் போன்றவளுக்கு அந்தத் தூரம் பெரிய வசதி. வாய்க்கால் கட்டில் இருந்த பிள்ளையாரிடம் அந்த மாரி முழுவதும் நான் வைத்த வேண்டுதல், எஞ்சின் பொருந்தவேண்டும் என்பதுதான். பிள்ளையாருக்கு அப்படியொரு வேண்டுதல் அதற்கு முன்பு வந்திருக்காது.

அப்பா தேடிப்பிடித்தது, மாங்குளத்துப் பக்கம் குடைசாய்ந்த ஒரு ஜப்பான் வான் வண்டியின் டீசல் எஞ்சின். சங்கிலிக் கப்பி இரவல் வாங்கி, அதைப் பாலைமரக் கொப்பில் கட்டி, கீழே பிக்கப்பைத் தள்ளி நிறுத்தி, எஞ்சினை மெல்ல மெல்ல இறக்கினார்கள். அப்போதுதான் வில்லங்கம் தெரிந்தது. பழைய எஞ்சின் முன்பக்கத்தில் தாங்கி உட்கார்ந்தது. புதியதோ இரண்டு விலாவிலும் தாங்கச்சொல்லிக் கேட்டது. பிக்கப்பின் அடிச்சட்டமான சேசிஸில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. முன்னுக்குத் தள்ளினால் விசிறி றேடியேட்டரில் முட்டும். கீழே இறக்கினால் எண்ணெய்த் தொட்டி குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். சரியான இடத்தில் பாலைக்கட்டைகளை அணைகொடுத்து நிறுத்திவிட்டார்கள். இனி எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே அதைத் தாங்க இரண்டு "மவுண்டிங்" புதிதாகச் செய்யவேண்டும்.

செய்ய வந்தவர் ராமையா அண்ணன். மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பழகி, பிறகு குடும்பத்தோடு வன்னிக்கு வந்து, கண்டி வீதியோரம் சின்னக் கராஜ் போட்டிருந்தவர். அவரும் அப்பாவும் முதலில் பட்டை இரும்பை வளைத்து இரண்டு கைகள் செய்தார்கள். எஞ்சினை முடுக்கியதும் வண்டி மலேரியாக் குளிர் பிடித்தது போல நடுங்கியது. கொஞ்ச நேரத்தில் ஒரு கை முறுகி, எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்து, விசிறி றேடியேட்டரை உரசிக் கிறீச்சிட்டது. அணைத்துவிட்டு இருவரும் நிலத்தில் குந்தியிருந்தார்கள். பட்டை இரும்பு போதாது, அகலத் தகட்டில் செய்யவேண்டும் என்றார் ராமையா அண்ணன். தகடு இருந்தது, உடைந்த ட்ரக்டர் பெட்டியின் அடித்தட்டு, ஒரேயொரு துண்டு. ஆனால் அந்தச் சாய்வும் வளைவும் அளவுகோலுக்குள் அடங்கவில்லை. அப்பா எழுதிய அளவுகள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வந்தன.

அம்மா எங்கள் குடியேற்றத்தின் தையல்காரி. அளக்கும் நாடா எந்நேரமும் கழுத்தில் கிடக்கும். தேத்தண்ணி கொண்டுவந்தவ, எஞ்சினின் விலாவை எட்டிப் பார்த்துவிட்டு, "உதுக்கேன் அளவு? அளவுச் சட்டை வெட்டினால் போச்சு" என்றா. புதுச் சட்டை தைக்கக் கொடுப்பவர்கள், சரியாக நிற்கும் பழைய சட்டையொன்றையும் மாதிரிக்குக் கொடுப்பார்கள். அதுதான் அளவுச் சட்டை; எஞ்சினுக்கு அப்படியொன்றைக் கடதாசியில் வெட்டலாம் என்பது அம்மாவின் எண்ணம்.

"எஞ்சினுக்குச் சட்டையோ? களிசானும் தைச்சு விடுமன்" என்றார் அப்பா.

அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கபிலநிறக் கடதாசியை அந்த இடுக்குக்குள் விட்டு, அமத்தி, மடித்து, குண்டூசி குத்தி, கத்தரிக்கோலால் வெட்டினா. மேலே றப்பர் உட்காரும் இடம் "தோள்", சேசிஸில் பொருந்தும் இடம் "இடுப்பு", திருகாணி போகும் துளை "பொத்தான் கண்". கரித்துண்டால் கோடு கீறி அடையாளமிட்டு, இரண்டு பக்கத்துக்கும் இரண்டு மாதிரி வெட்டி ராமையா அண்ணனிடம் கொடுத்தா. அவர் அதைச் சாமிபடம் போலப் பக்குவமாகக் கொண்டுபோனார்.

மறுநாள் தகடுகள் வந்தன. வைத்துப் பார்த்தால் ஒன்றும் உள்ளே போகவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் இடித்தது. பொங்கலோ கிட்டி வந்துவிட்டது.

"அக்கா, நீங்க குடுத்த பேப்பர்ல ஒரு நூல் கூடக் குறையாம வெட்டியிருக்கேங்க" என்றார் ராமையா அண்ணன், பாவம், குற்றவாளி போல.

அம்மா கடதாசியை வாங்கிப் பார்த்தா. பிறகு தாவணிப் பிள்ளை போலச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. "ஐயோ, சுத்திவர அரை இஞ்சி தையலுக்கு விட்டனான்!"

பழக்கம்தான். யாருக்கு எதை வெட்டினாலும், பிள்ளை வளர்ந்தால் பிரித்துவிடுவதற்கென்று சுற்றிவர அரை அங்குலம் துணி கூட விடுவது அம்மாவின் கை. அந்தக் கை இரும்புக்கும் விட்டுவிட்டது.

அப்பா தலையில் கைவைத்தார். "இஞ்சரும், எஞ்சின் என்ன வளருற பிள்ளையே, பிறகு பிரிச்சு விடுறதுக்கு? இருந்த ஒரே தகடும் போச்சு. இனிச் சுருட்டுத்தான் சுத்தவேணும்!"

நான் கதவுக்குப் பின்னால் நின்று மச்சாள்மாரின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. "கூடினதை ஏன் வெட்டி எறிவான்? மடிச்சு விடுங்கோவன். சட்டை எண்டால் நான் மடிச்சுத்தானே அடிப்பன்" என்றா, கோபத்தில்.

ராமையா அண்ணன் அப்பாவைப் பார்த்தார். "வெட்டி எறியிறதுக்கு முன்னாடி மடிச்சுத்தான் பாத்துருவோமே, ஐயா. தகரவாளி வாயைக்கூட மடிச்சுத்தானே விடுறாங்க."

முற்றத்திலேயே சிரட்டைக்கரியில் உலை மூட்டினார்கள். தகட்டின் ஓரம் செம்பரத்தம்பூ நிறமாகச் சிவந்ததும், தண்டவாளத் துண்டில் வைத்து அரை அங்குலத்தை ராமையா அண்ணன் உள்பக்கமாக மடித்து அடித்தார். வளைவில் இரும்பு சுருங்கிக் கொண்டபோது, கோபம் ஆறாமலே அம்மா குசினி வாசலில் நின்று குரல் கொடுத்தா: "கழுத்துக்கு வெட்டுற மாதிரி வளைவில சின்னச் சின்ன வெட்டுப் போடுங்கோ, ராமையா. இல்லாட்டில் சுருக்கு விழும்." வெட்டுப் போட்டு மடித்து, வெட்டிய இடங்களைப் பிறகு காய்ச்சி ஒட்டினார். மடித்து முடித்தபோது தகடு அளவாக வந்துவிட்டது. அதைவிட, நாலு பக்கமும் விளிம்பு எழுந்து சின்னத் தட்டம் போல நின்ற அந்தத் துண்டை அப்பா ஏறி மிதித்தும் அது அசையவில்லை. ஏன் அப்படி உறுதியானது என்று அம்மாவுக்கும் தெரியாது. "என்ர தையல் பிரியாது" என்று மட்டும் சொன்னா.

பழைய லொறி ரயரை வட்டமாக வெட்டித் தோளில் வைத்து, எஞ்சினை உட்காரவிட்டு ஆணி முறுக்கினார்கள். எஞ்சின் ஓட, அப்பா தன் தேத்தண்ணிக் கிளாசைப் பிக்கப்பின் மூக்கின் மேல் வைத்தார். தேத்தண்ணி வட்டம் வட்டமாக நெளிந்தது; ஒரு சொட்டும் வெளியே சிந்தவில்லை. அப்பா அந்தக் கிளாசை எடுத்து, தான் குடிக்காமல் அம்மாவிடம் நீட்டினார். அவர் மன்னிப்புக் கேட்ட விதம் அது.

பொங்கலன்று விடிய வெளிக்கிட்டோம். பின்னால் பூசணிக்காய்க் குவியல்; ராமையா அண்ணனும் "எதுக்கும் கூட வர்றேன்" என்று ஆணி முறுக்கும் சாவிகளோடு அதன் மேல் ஏறி இருந்தார். ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர் மினுங்கியது. உப்புக் காற்று முகத்தில் அடித்தது. நடு வழியில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்டு அப்பா வண்டியை ஓரம் கட்டினார். பூசணிக்காய் ஒன்று உருண்டதுதான்.

மாமா வீட்டு ஒழுங்கையில் டீசல் சத்தம் அதிர, அவர் பொங்கல் பானையை விட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "நான் நினைச்சன் ஆரோ பொங்கலுமதுவுமாக் கிணத்துக்குத் தண்ணி மிசின் போட்டிட்டாங்கள் எண்டு!" என்றார். பிறகு வண்டியின் மூக்கைத் திறந்து உள்ளே பார்த்தார். கதை முழுவதையும் கேட்டார். வாய் திறக்கமாட்டேன் என்ற சொல்லை அவர் காப்பாற்றவில்லை; ஆனால் ஊருக்கு வாருங்கள் என்று பிறகு ஒரு நாளும் அழைக்கவில்லை. யாராவது கேட்டால், "அவையள் இனி வரமாட்டினம். அவள் அங்க மடிச்சுத் தைச்சுப்போட்டாள்" என்பார். அன்று மச்சாள்மார் என்னைப் பாடச் சொன்னார்கள். வந்த சந்தோசத்தில் நான் இரண்டு வரி பாடியும் விட்டேன்.

பிறகு போரால் வந்த இடப்பெயர்வுகளில் அந்தப் பிக்கப் எங்களையும் அயலையும் பலமுறை சுமந்தது. கடைசியில் எண்ணெய் இல்லாமல் ஒரு புளியமரத்தின் கீழ் விட்டு நடந்தோம். திரும்பி வந்தபோது மரம் நின்றது. வண்டியை இரும்புக்காரர் கொண்டுபோய்விட்டார்கள். அப்பாவும் அம்மாவும் மாமாவும் இப்போது இல்லை. நான் அதே காணியில் இருக்கிறேன், தையல்தான் தொழில். போன கிழமை அயல்வீட்டுப் பிள்ளை கடையில் வாங்கிய சட்டையைக் கொண்டுவந்து, "இறுக்குது அன்ரி, கொஞ்சம் பிரிச்சு விடுங்கோ" என்றாள். உள்பக்கம் புரட்டிப் பார்த்தேன். பிரிப்பதற்கு ஒன்றுமே இல்லை, நூலோரத்தோடு வெட்டியிருந்தார்கள். எஞ்சின் வளராது என்று அப்பா சொன்னது சரிதான். ஆனால் இந்தப் பிள்ளை வளருவாள் என்று யாருமே நினைக்கவில்லையே. புதிதாக ஒன்று வெட்டித் தருகிறேன் என்று சொல்லி, அவளை நிற்கவைத்து அளவெடுத்தேன்.