மிஸ்டர் ஆலன் ஆங்கிலேயர் அல்லர்

மூன்று நாளாக மிஸ்டர் ஆலன் என் கையால் தேநீர் குடிக்கவில்லை. கோப்பையை வைத்தால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மற்ற நர்ஸ்கள் கொடுத்தால் வாங்கிக் குடிப்பார். ஸ்காட்லாந்தின் கடலோரச் சிற்றூரில், அந்த முதியோர் இல்லத்தில் எனக்கு அது இரண்டாவது மாதம். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் என்னைப் போல நிறைய நர்ஸ்கள் இங்கே வந்தோம். நான் உத்திரமேரூர்க்காரி. ஆறு மாதம் மேற்பார்வையில் வேலை பார்க்க வேண்டும். முடிவில் மூத்த நர்ஸ் லிண்டா நல்லபடி எழுதிக் கொடுக்காவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

நான்காம் நாள் லிண்டா என்னைத் தனியே கூப்பிட்டு, நான் எழுதிய குறிப்பேட்டில் ஒரு வரியின் மீது விரலை வைத்தார். மிஸ்டர் ஆலனைப் பற்றி, 'அமைதியான இங்கிலிஷ் ஜென்டில்மேன்' என்று எழுதியிருந்தேன். பாராட்டாகத்தான் எழுதினேன். ஷிஃப்ட் மாறும்போது அடுத்து வந்த நர்ஸுக்கு அவர் கட்டிலருகே நின்று வாசித்தும் காட்டியிருந்தேன்.

"அவர் இங்கிலிஷ் இல்லை. இங்கிலிஷ் என்று சொன்னால் அவருக்கு வலிக்கும்" என்றார் லிண்டா. எனக்குப் புரியவில்லை. பேசுவது இங்கிலிஷ்தானே?

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து டெலிபோன் பூத்துக்கு வந்து என் அழைப்புக்காகக் காத்திருப்பாள். "எல்லாம் வெள்ளக்காரங்கதானடி, அவங்களுக்குள்ள இன்னா வித்தியாசம் கீது?" என்றாள்.

"நம்ப ஊர்லயும் பாக்கறதுக்கு எல்லாம் ஒண்ணாத்தான கீறோம்?" என்றேன்.

அதற்கு அம்மா, "சாப்ட்டியா?" என்றாள்.

மறுநாள் உணவு இடைவேளையில் அகராதியோடு உட்கார்ந்தேன். நமக்கு ஊர்ப்பெயரோடு 'காரர்' சேர்த்தால் வேலை முடிந்தது. இங்கே நாட்டுக்கு நாடு வால் மாறுகிறது. சைனா என்றால் சைனீஸ், போலந்து என்றால் போலிஷ். ஆனால் அந்த நாட்டு ஆளைச் சொல்ல 'போல்'. ஹாலந்துக்காரர் டச்சு, இரண்டுக்கும் ஓர் எழுத்துகூட ஒட்டவில்லை. ஸ்காட்லாந்துக்கு எனக்கு முன்பே ஒரு சொல் தெரியும் என்று நினைத்து, அதை மட்டும் தேடாமல் விட்டேன். தேநீரோடு நேரே அவரிடம் போனேன்.

"மன்னியுங்கள், மிஸ்டர் ஆலன். நீங்கள் ஸ்காட்ச்."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "ஸ்காட்ச் பாட்டிலில் இருப்பது. நான் ஸ்காட்டிஷ்" என்று கோப்பைக்குக் கை நீட்டினார். "நீ ஹிந்து, இல்லையா?"

"அது மதம். நான் கிறிஸ்தவள். நாட்டைக் கேட்டால், இண்டியன்."

"உன் ஊரிலும் உன்னை அப்படித்தான் சொல்வார்களா?"

அங்கே எல்லோரும் இண்டியன்தானே என்று சிரித்து மழுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீடுவரை வந்தது. பத்தாவது முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்க நைனாவோடு பள்ளிக்குப் போயிருந்தேன். அவர் நாற்று வயலிலிருந்து அப்படியே வந்திருந்தார். நேஷனாலிட்டி என்ற இடத்தில் எழுத்தர் எங்களைக் கேட்காமலே 'இண்டியன்' என்று எழுதினார். அடுத்த வரி சாதி, அதற்குத்தான் நிமிர்ந்தார். "நீ ஊரா, காலனியாய்யா?" நைனா தலையைக் குனிந்துகொண்டு, "காலனிங்க" என்றார். 'இண்டியன்' என்ற அந்த முதல் சொல்லால் அங்கே என்னை யாரும் கூப்பிட்டதில்லை. அப்படிக் கூப்பிடப்பட ஸ்காட்லாந்துக்கு வர வேண்டியிருந்தது.

லிண்டா நல்லபடியாகவே எழுதிக் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் ஊருக்குப் போனேன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஓர் ஆட்டோக்காரர் ஓடி வந்து பெட்டியை வாங்கினார்.

"ஃபாரின்லேர்ந்து வர்றீங்களாம்மா? எங்க போவணும்?"

"காலனிக்கு."

"அங்க யாரப் பாக்கணும்மா?"

"எங்க வூடே அங்கதான் கீது."

அவர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். கையிலிருந்த பெட்டியைத் தரையில் வைத்தார்.

"சரி, ஏறு" என்றார்.

பெட்டியை நானே தூக்கி வைத்து ஏறினேன். விமானத்தில் குளிருமென்று எடுத்து வந்த கம்பளிக் கோட்டு கையில் இருந்தது. சித்திரை வெயிலில் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.