சின்னப்பிள்ளையின் கைராசி

சின்னப்பிள்ளை கைராசிக்காரி. கொடும்பாளூருக்குக் கிழக்கே அந்தச் சின்ன ஊரில் யார் வீட்டுக் கோழி தலையைத் தொங்கப் போட்டாலும் முதலில் அவளுக்குத்தான் ஆள் வரும். சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சளை நசுக்கி, அலகைப் பிளந்து விரலால் உள்ளே தள்ளுவாள். பாதிக் கோழி தானாகவே பிழைத்திருக்கும், பேர் அவளுக்கு. அவளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் சொர்ணவல்லிகூட, "பிள்ளைக்கு நீதான் ஆத்தா சேனை வைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகக் கருப்பட்டித் தண்ணீர் தொட்டு வைப்பவரின் ராசி அப்படியே பிள்ளைக்கு வரும் என்பார்கள். சின்னப்பிள்ளை அந்த ஒரு நாளுக்காகத்தான் காத்துக்கிடந்தாள்.

ஜப்பான்காரன் கையில் ரங்கூன் விழுந்த வருசம், மாசி மாதம் கோழிக்குச் சீக்கு வந்தது. உடையப்பன் வீட்டுச் சேவல் கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி விழுந்தது. சின்னப்பிள்ளை போய் மருந்து கொடுத்தாள். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். சாகச் சாகக் கூப்பிட்டார்கள். கூப்பிடக் கூப்பிடப் போனாள். அவளுடைய கோழிகளும் செத்தன. அவள் கண் சிவந்து தண்ணீராய் வடிந்தது. கோழிக்காக அழுகிறாள் என்று ஊர் இரக்கப்பட்டது. அவள் அழவில்லை. கோழிச் சீக்கு அவள் கண்ணிலும் ஒட்டியிருந்தது.

ஊர்க்கோடி பிச்சையம்மாள் வீட்டில் மட்டும் ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை. அவளுக்கும் சின்னப்பிள்ளைக்கும் மூன்று வருசமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. என்ன சண்டை என்று கேட்டால் இரண்டு பேருக்குமே பாதிதான் ஞாபகம். "அவதான் ஏதோ செஞ்சு வச்சுட்டா" என்று முதலில் வாயைத் திறந்தவள் சின்னப்பிள்ளை. ஊரும் தலையாட்டியது.

சொர்ணவல்லிக்கு வலி எடுத்த அன்று காலை, சின்னப்பிள்ளை அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். பிச்சையம்மாள் வீட்டுச் சேவல் கூவியது. ஊரில் வேறு சேவல் இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. அந்த ஒரு வீட்டுக்குத்தான் அவள் போகவில்லை.

பதறியிருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை, மனசு மரத்துப்போயிருந்தது. கையைத் திருப்பிப் பார்த்தாள். யாருடைய கையோ போல இருந்தது.

பெண் பிள்ளை பிறந்தது. "ஆத்தா, சேனை வைக்க வா" என்று உள்ளேயிருந்து மகள் கூப்பிட்டாள். சின்னப்பிள்ளை தெருவில் இறங்கி ஊர்க்கோடிக்கு நடந்தாள். பிச்சையம்மாள் வீட்டு வேலிக்கு எட்டவே நின்றாள்.

"பிச்சையம்மா, எம் பேத்திக்கு நீ வந்து சேனை வையி."

"என்னையச் சூனியக்காரின்னு ஊரெல்லாம் சொன்னவதானடி நீ?"

"சொன்னேன். நான் கால் வைக்காததாலதான் ஒன் கோழி உசிரோட இருக்கு. எங் கை வேண்டாம், அந்தப் பிள்ளைக்கு."

பிச்சையம்மாள் அந்தச் சிவந்த கண்களையே பார்த்தாள். "சரி, உள்ள வா. கை காலக் கழுவிட்டு வாரேன்."

"நான் வரலை. கோழி நிக்கிது."

இரண்டு பேரும் சின்னப்பிள்ளை வீட்டு வாசலுக்கு வந்ததும் பிச்சையம்மாள் மட்டும் உள்ளே போனாள்.

"ஆத்தா, நீ பிள்ளையப் பாக்க வரமாட்டியா?" என்றாள் சொர்ணவல்லி.

"கண்ணு தெளியட்டும்."

பிள்ளையின் அழுகை நின்றது. "சப்புக் கொட்டுறாடி ஒன் பேத்தி!" என்று பிச்சையம்மாள் உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

சின்னப்பிள்ளை இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு தெருவிலேயே நின்றாள்.