வெந்நீர்ப் பையும் வால்கள்ளியும்

பிளேடைத் தணலில் காட்டி ஆறவைத்த கைகள், அழுகல் நின்ற இடத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளி, பச்சையிலேயே கள்ளியின் ஒவ்வொரு வாலாக அறுத்தன. பூனைமுடி போன்ற முட்கள் விரல்நுனிகளில் ஏறிக்கொண்டே இருந்தன. வெட்டுவாயில் பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னொரு சீவல். வளையமில்லாத வெட்டு கிடைத்த பிறகுதான் சாம்பல் தொட்டுச் செய்தித்தாளில் கிடத்தின.

உருளைக்கிழங்கு விதையை அறுத்துச் சாம்பல் பூசி ஆறப்போடுவது வில்பட்டியில் எல்லோருக்கும் தெரிந்த வேலை. செல்வமேரி அந்த ஊர்க்காரி. கள்ளிக்கும் அது பொருந்தும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. முன்பு இரண்டு கள்ளிகளைச் சாகக் கொடுத்துத் தானாகக் கண்டுகொண்டது.

கொடைக்கானல் ஏரிக்கு மேலே இருந்த விருந்தினர் விடுதியில் அறை பெருக்குவது அவள் சம்பள வேலை. கண்ணாடித் தாழ்வாரத்துச் செடிகளையும் அவளே பார்த்தாள். 1957 ஜூனில் லூர்தம்மாள் டீச்சர் ஓராண்டுப் பயிற்சிக்குப் பாளையங்கோட்டை புறப்பட்டபோது, தன் வால்கள்ளிக் கூடையை அங்கே கொண்டுவந்து மாட்டினார். முழ நீளத்துக்குப் பச்சைக் கயிறுகளாகத் தொங்கும் பதினாலு வால்கள்.

"கீழ்நாட்டு வெயில் இதுக்கு ஆகாது மேரி."

"நான் பாத்துக்கிடுறேன் டீச்சர். வந்து இப்படியே வாங்கிக்கங்க" என்று வாக்குக் கொடுத்தாள்.

மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை நீர் விட்டாள். கார்த்திகை பிறந்ததும் மூன்று வாரத்துக்கு ஒரு கரண்டி. குளிரில் காய்ந்து தூங்கினால்தான் பங்குனியில் பூக்கும். அப்படியும் மார்கழியில் அடித்தண்டுகள் குழைந்த சோறாயின. கூடைக்குள் விரலை விட்டாள். சொதசொதப்பு, அதிலும் ஒரு வெதுவெதுப்பு.

மறுநாள் வெள்ளனே வந்து கதவோரம் நின்றாள். விருந்தாளிகளின் படுக்கையில் இரவெல்லாம் கிடந்த ரப்பர் வெந்நீர்ப் பைகளைக் கக்கத்தில் இடுக்கியபடி பட்லர் சுப்புராஜ் வந்தார். சாக்கடை பின்கட்டில் இருந்தது. கூடை கைக்கெட்டும் உயரத்தில் தொங்கியது. மூடியைத் திருகினார், கவிழ்த்தார்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

சுப்புராஜ் திடுக்கிட்டாலும் சிரித்துச் சமாளித்தார். "குளுருதே பாவம்னு ஊத்துறேன் தாயி. பெத்த பிள்ளைக்குச் சுடுதண்ணி வைக்க மாட்டியா?"

"பிள்ளை செத்துப்போச்சு, வந்து பாருங்க!"

"ஏ, கள்ளிக்குப் போயி இந்த ஆட்டமா? பழனிக்கு எறங்குற வழியெல்லாம் கெடக்கு. ஒரு கட்டு அறுத்தாந்து போடவா?"

"அது பாறைமண்ணுல கெடக்குற சாதி. இது மரக்கெளையில தொங்குற சாதி. வேரு காத்துக் குடிக்கணும். நீங்க குளிப்பாட்டியே கொன்னுட்டீங்க."

சத்தம் கேட்டு வந்த மேனேஜர் நல்லுசாமி கூடையை எட்டிப் பார்த்தார். தண்ணீர் ஊற்றியா செடி சாகும் என்று அவருக்குச் சந்தேகம். ஆனாலும் முடிவு தயாராக இருந்தது.

"பனியில கருகிருச்சுன்னு டீச்சர்ட்டச் சொல்லிரு. விடுதிப் பேரு கெடக் கூடாது."

"கண்ணாடிக்குள்ள எப்பிடிங்க பனி விழும்?"

"சொன்னதைச் சொல்லு. இல்லேன்னா வேற எடத்துல சோலி பாத்துக்க."

அன்று அறுத்ததில் ஒன்பது வால்கள் தேறின. பத்து நாள் நிழலில் ஆறப்போட்டாள். கரித்துண்டும் செங்கல்லும் தேவைக்கு மேல் பொடியாகும்படி சுத்தியலால் அடித்தாள். அப்போதும் ஆத்திரம் தீரவில்லை. பொடியைச் சலித்துத் தள்ளிவிட்டு, மிளகளவு சில்லை மட்டும் எடுத்துச் சோலைக்காட்டு இலைமக்கோடு கலந்தாள். கம்பிக்கூடைக்கு மரப்பாசி உள்விரித்து வால்களை நட்டு, துவாலை அறை ஜன்னலில் மாட்டினாள். அறைச்சாவி இடுப்பை விட்டு இறங்கவில்லை. "கோயில் நடை எப்பத் தெறக்கும்?" என்று பூட்டிய கதவைக் காட்டிச் சுப்புராஜ் கேலி செய்தபோது, அவள் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தாள். அவரோடு பேச்சு நின்றிருந்தது.

இரண்டு வால்கள் வேர்விடாமல் சுருங்கின. பங்குனியில் ஒரு மொட்டுக்கூட இல்லை. ஒவ்வொரு காலையும் அதைப் பார்த்தபோது கோபம் புதிதாகவே வந்தது. சித்திரையில் ஏழின் நுனியிலும் இளம்பச்சை துளிர்த்தது.

ஜூனில் டீச்சர் வந்தார். செல்வமேரி துவாலை அறையைத் திறந்து கூடையை எடுத்துவந்தாள். மேனேஜர் முந்திக்கொண்டார்.

"இந்த வருசம் பனி ரொம்பங்க டீச்சர்..."

"பனியில்லை" என்று குறுக்கிட்டாள் செல்வமேரி. "வெந்நீர்ப் பையில மிஞ்சினதையெல்லாம் தெனம் இதுல கவுத்துனாங்க. நானும் மார்கழி வரைக்கும் கவனிக்காம விட்டுட்டேன். பதினாலு குடுத்தீங்க. ஏழுதான் மிச்சம். அடுத்த பங்குனிக்குத்தான் பூக்கும்."

நல்லுசாமியின் முகம் கறுத்தது. "சாவியை வச்சுட்டுப் போ" என்றார்.

இடுப்பிலிருந்து சாவியை உருவி மேசைமேல் எறிந்தாள். டீச்சர் மேனேஜரைப் பார்க்கவில்லை; சாண் உயரத்துக்கு நின்ற ஏழு குச்சிகளையே பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினார்.

"இப்பத் தண்ணி விட்டிருக்கேன். இனி அடுத்த வாரந்தான். யாரையும் தொட விடாதீங்க" என்று சொல்லி, கூடையின் கொக்கியை அந்த விரல்களில் மாட்டினாள் செல்வமேரி.